சனி ஞாயிறு மைக் செட்: சென்னையில் சின்ன அளவில் சவுண்ட் தொழில் தொடங்க

முதலில் எந்த வேலைக்குப் போகமாட்டீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பகலில் ஆபீஸ், வார இறுதியில் மைக் செட் என்று இறங்குகிறவர்கள் பலரும் ஸ்பீக்கரிலிருந்துதான் யோசனையை ஆரம்பிப்பார்கள்: பன்னிரண்டு இன்ச்சா, பதினைந்தா, தாழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டியான சப் வேண்டுமா, எத்தனை வாட்ஸ். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆட்கள், ஒரு வண்டி, ஒன்றரை மணி நேரம். இதற்குள் இறக்கி, கட்டி, சவுண்ட் செக் முடிக்க முடிகிற வேலை எதுவோ அதுதான் உங்களுக்கான வேலை.

சென்னையில் அது 150 முதல் 250 பேர் உட்காரும் மினி ஹால், அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ், கோயில் மண்டபம், மொட்டைமாடி நிச்சயதார்த்தம். பேச்சு, பஜனை, கர்நாடகக் கச்சேரி, கீபோர்டும் கிடாரும் வைத்துக்கொண்டு பாடும் சிறு குழு. ஊர்வலம், டிஜே, பொதுக்கூட்டம், டிரம்ஸோடு முழு ஆர்க்கெஸ்ட்ரா என்று கேட்டு போன் வந்தால், அதைச் செய்கிறவருடைய நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அவரும் தனக்குக் கட்டுப்படியாகாத சின்ன வேலைகளை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை மணிக்கு வரவேற்பு என்றால் நாலு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும், மூன்று மணிக்கு வீட்டில் லோடு ஏற்ற வேண்டும். பத்து மணிக்கு முடிந்து, சுருட்டி, ஏற்றி வீடு திரும்பினால் நள்ளிரவு. ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு மண்டபத்துக்கு ஓடிப்போய்க் கட்டுவது ஒரு தடவை நடக்கும், மூன்றாம் தடவை மாட்டிக்கொள்வீர்கள். வார நாள் முகூர்த்தத்தை லீவு இருந்தால் மட்டும் எடுங்கள். அரசு ஊழியராக இருந்தால் வேறு தொழில் செய்ய முன் அனுமதி வேண்டும். கம்பெனி வேலை என்றால் ஆஃபர் லெட்டரை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாள்காட்டியும் உங்களோடு சேர்ந்துதான் இந்தத் தொழிலை நடத்துகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில், மார்கழியில் பஜனையும் கச்சேரியும். பெரிய சபாக்களின் டிசம்பர் சீசனுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள், ஆனால் தெருக்கோயில் மார்கழி உற்சவத்தில் புதியவருக்கு இடம் உண்டு. பொங்கல், குடியரசு தினம், சுதந்திர தினம், நவராத்திரிக்கு அபார்ட்மென்ட் சங்கங்கள் கூப்பிடும். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் மூன்று மைக்கும் போதும். தொழில் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

சாமான்

மைக்குகளின் ஒலியை ஒன்றுசேர்க்கும் மிக்ஸர் ஒன்று, பன்னிரண்டு முதல் பதினெட்டு சேனல் (ஒலி உள்ளே வரும் வழி). யமஹா எம்.ஜி. வரிசை போன்ற அனலாக் மிக்ஸர் பழக எளிது. பெஹ்ரிங்கர் எக்ஸ்.ஆர்.18 போல டேப்லெட்டில் இயக்கும் டிஜிட்டல் பெட்டி என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் ஈக்வலைஸர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது), மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க வைக்கும் ஒவ்வொரு மானிட்டர் ஸ்பீக்கருக்கும் தனி மிக்ஸ் கிடைக்கும். அதை வாங்கினால் உள்ளே இருக்கும் வைஃபையை நம்பாதீர்கள். ஹாலில் 200 போன் நுழைந்ததும் டேப்லெட் தொடர்பு அறுந்துபோகும். 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தனி ரௌட்டர் ஒன்றைக் கேபிளில் இணைத்து, மேடையோரம் உயரத்தில் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பன்னிரண்டு இன்ச் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, அதே ரகத்தில் மானிட்டருக்கு இரண்டு. சப் முதல் வருடம் வேண்டாம். பாட்டுக்கு ஷூர் எஸ்.எம்.58 வகை மைக் நான்கு, வாத்தியத்துக்கு எஸ்.எம்.57 வகை இரண்டு, கையில் பிடிக்கும் வயர்லெஸ் இரண்டு, கீபோர்டு, போன் போன்றவற்றை மிக்ஸரில் இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் மூன்று. உயர ஸ்டாண்டு நான்கு, குட்டை ஸ்டாண்டு ஐந்து. கச்சேரி மேடையில் எல்லாரும் தரையில் உட்காருவார்கள் என்பதால் குட்டை ஸ்டாண்டுதான் முதலில் தீரும். மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். மைக் கேபிள் ஆறு மீட்டரில் பன்னிரண்டு, பதினைந்து மீட்டரில் நான்கு.

சந்தையில் போலி எஸ்.எம்.58 நிறையப் புழங்குகிறது. அசல் மைக்கின் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கேபிளை நீங்களே பற்றவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வயரும் கனெக்டரும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். ஒன்றாம் பின் ஷீல்டு, இரண்டாம் பின் ஹாட், மூன்றாம் பின் கோல்ட். இரண்டும் மூன்றும் ஒரு முனையில் மாறிவிட்டால் அந்த மைக் தனியாக நன்றாகத்தான் பேசும். பக்கத்தில் இன்னொரு மைக்கைத் திறந்ததும் இரண்டும் ஒன்றை ஒன்று தின்று, குரல் சோகையாகக் கேட்கும். பத்து நிமிஷம் ஈக்வலைஸரைத் திருகிய பிறகுதான் கேபிளைச் சந்தேகிக்கத் தோன்றும்.

கரண்ட்

மண்டபத்தில் நுழைந்ததும் எந்தப் பெட்டியையும் திறக்காமல் மல்ட்டிமீட்டரை எடுங்கள். ஏ.சி. 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, மேடையோரம் இருக்கும் 16 ஆம்ப் சாக்கெட்டுக்கு நேரே நில்லுங்கள். மேலே இருக்கும் பெரிய துளை எர்த். கீழே வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இது மாறியிருப்பதும் உண்டு. மூன்று அளவுகள் எடுங்கள்.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. மிகக் குறைவாகவோ தள்ளாடிக்கொண்டோ காட்டினால் எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கிறது.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பத்து, இருபது என்று ஏறினால் எங்கோ நியூட்ரல் லூஸ், அல்லது அதன்மேல் லோடு அதிகம்.

மூன்றாவது அளவுதான் உங்கள் சாமானைக் காப்பாற்றும். மண்டபங்களுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே 415 வோல்ட். பந்தல்காரர் தற்காலிகமாக இழுத்த லைனில், முறுக்கி டேப் சுற்றிய நியூட்ரல் ஜாயின்ட் விட்டுப்போனால், இரண்டு ஃபேஸில் இருக்கும் சாமான்கள் அந்த 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். எந்தப் பக்கம் லோடு குறைவோ அந்தப் பக்கம் வோல்ட்டேஜ் 300-ஐத் தாண்டும். ஏ.சி.யும் சமையல்கட்டு கிரைண்டரும் ஒரு பக்கம், உங்கள் மிக்ஸர் இன்னொரு பக்கம் என்றால் எது புகையும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹால் ஏ.சி.யைப் போடச்சொல்லி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஐந்து வோல்ட் இறங்கினால் சரி. நாற்பது வோல்ட் குதித்தால் மண்டப எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை ப்ளக்கைச் செருகாதீர்கள். மாப்பிள்ளையின் மாமா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. ஜெனரேட்டர் இருந்தால் அதை ஓடவிட்டு மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள், ஏனென்றால் அதன் நியூட்ரலும் எர்த்தும் வேறு கதை.

மிக்ஸர், ஸ்பீக்கர், மானிட்டர், கீபோர்டு எல்லாம் ஒரே ஃபேஸில், முடிந்தால் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். நான்கு பவர்டு ஸ்பீக்கரும் ஒரே சாக்கெட்டிலா என்று பயப்பட வேண்டாம். பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும், பேச்சும் பாட்டும் சராசரியாக அதில் எட்டில் ஒரு பங்குதான் இழுக்கும். நாலும் சேர்ந்து 500 வாட்ஸ் வரும். 16 ஆம்ப் சாக்கெட் 3,680 வாட்ஸ் தாங்கும். லைட் செட்காரரும் சீரியல் பல்பும் வேறு ஃபேஸில் இருக்கட்டும். இரண்டு சாக்கெட் ஒரே ஃபேஸா என்று தெரிய, இரண்டின் ஃபேஸ் துளைகளுக்கிடையே அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஒன்று, 415 வந்தால் வேறு.

எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர், அதில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்த போர்டு. உருளையில் சுற்றிய வயராக இருந்தால் முழுதும் அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடியே லோடு கொடுத்தால் உள்ளே சூடேறி உருகும். மிக்ஸர், ரௌட்டர், வயர்லெஸ் ரிசீவர் மூன்றையும் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். ஈ.பி. போய் ஜெனரேட்டர் பிடிக்கும் பதினைந்து விநாடியில் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்தால், அது மறுபடி எழுந்து வருவதற்குள் மேடையில் இருப்பவர் உங்களைப் பெயர் சொல்லித் தேட ஆரம்பித்துவிடுவார். ஸ்பீக்கரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள்.

'உம்ம்' என்று ஹம் வருகிறதா? எர்த் பின்னை வெட்டச் சொல்லும் ஆலோசகர் எல்லா மண்டபத்திலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். பாடகரின் உதடு தொடும் உலோக மைக், எர்த் இல்லாத சாமான், ஈரமான மேடை மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பல ஹம் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸில் கொடுத்து அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள், அது மைக் கேபிளின் ஷீல்டை மட்டும்தான் துண்டிக்கும், கரண்ட் எர்த்தை அல்ல. தெருக்கோயில் வேலையில் கொக்கி போட்ட கரண்ட் என்று தெரிந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

கட்டுவது

ஸ்பீக்கர் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து. ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முழுக்க விரித்து, உயர்ந்த ஒலி வரும் ஹார்ன் பகுதி தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்கு வரும்படி ஏற்றுங்கள். தாழ்வாக இருந்தால் முதல் வரிசைக்குக் காது வலிக்கும், கடைசி வரிசைக்குக் கேட்காது. கேபிள் நடைபாதையைத் தாண்டினால் ரப்பர் மேட் அல்லது துணி டேப். பட்டுப்புடவை கொசுவம் கேபிளில் மாட்டினால் ஸ்பீக்கரே சாயும். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் திறந்தவெளி என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் மணல் மூட்டை கட்டாயம்.

நீளமான ஹாலில் சத்தத்தை ஏற்றுவதைவிட, நடுவில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வைத்து, அவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் டிலே கொடுப்பது நல்லது. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 12 மீட்டர் தள்ளி வைத்தால் 34 மில்லிவிநாடி, அதோடு ஒரு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் குரல் மேடையிலிருந்து வருவதாகவே காது நினைக்கும்.

ஆன் செய்யும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் வரும் 'டப்' சத்தம் உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்கு நல்லதல்ல.

கச்சேரி மேடை

பாடகர் நடுவில், அவருக்கு இடது கைப்பக்கம் வயலின், வலது கைப்பக்கம் மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ இருந்தால் பின்வரிசையில்.

பாடகர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மோவாய் உயரத்தில், சற்று மேல்நோக்கி. தாளம் போடும் கை ஸ்டாண்டில் இடிக்காமல் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டனை அழுத்திவிடுங்கள், தொடையில் தட்டும் 'தும் தும்' போய்விடும். வயலினுக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் மேலே, முன்பக்கத் துளையைப் பார்த்தபடி ஒரு மைக், வில் வந்துபோகும் பாதையை விட்டு விலகி.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக். வலது பக்கத் தோலான வலந்தலைக்கு ஒன்று, அதன் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான கரணையைச் சாய்வாகப் பார்த்தபடி பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில். இடது பக்கத் தோலான தொப்பிக்கு ஒன்று, அதைவிடக் கொஞ்சம் தள்ளி. தொப்பி மைக்கில் கீழ்ச்சுரத்தை வெட்டாதீர்கள், இடது கை எழுப்பும் தாழ்ந்த நாதமான குமுக்கி அங்கேதான் இருக்கிறது. வெட்டினால் வித்வான் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள். வாசிப்பதற்கு முன் அவர் ரவை ஒட்டுவார், கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பார். அதற்கு முன் செக் செய்த அளவு செல்லாது, சேர்த்து முடித்த பிறகு இன்னொரு தடவை கேளுங்கள்.

தம்புரா இப்போது பெரும்பாலும் போன் ஆப். போனை ஏரோப்ளேன் மோடில் போடச்சொல்லி டி.ஐ. வழியாக எடுங்கள். மறந்தால் ஆலாபனை நடுவில் யாருடைய ரிங்டோனோ ஹால் முழுக்கக் கேட்கும். மானிட்டரில் எல்லாருக்கும் முதலில் வேண்டியது சுருதி, பிறகு பாடகர் குரல். மிருதங்கத்தை யாராவது கேட்டால் மட்டும் கொடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் மினி ஹாலில் மைக் இல்லாமலே காதைப் பிளக்கும், அங்கே மைக்கை மூடிவையுங்கள்.

கூவல்

ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுவதுதான் கூவல். பாடகரை உச்சஸ்தாயியில் பாடச்சொல்லி கெய்ன் (மைக் ஒலி மிக்ஸருக்குள் நுழையும் அளவு) வையுங்கள். டிஜிட்டல் மிக்ஸரில் மீட்டர் சராசரியாக மைனஸ் 18 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பிறகு மானிட்டரை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் 'ஊ' என்று இழுக்கத் தொடங்கும். அந்த ஃப்ரீக்வன்சியை ஈக்வலைஸரில் மூன்று முதல் ஆறு டெசிபல் இறக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள், அடுத்தது வரும். இப்படி மூன்று நான்கு இடம் போதும். அதற்கு மேல் வெட்டினால் குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும். மெயின் ஸ்பீக்கருக்கும் இதையே செய்து, கூவத் தொடங்கும் இடத்திலிருந்து ஆறு டெசிபல் கீழே நின்றுகொள்ளுங்கள்.

சவுண்ட் செக்கில் இல்லாத கூவல் நிகழ்ச்சியில் வந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, பேசுகிறவர் மைக்கின் வலைத் தலையைப் பொத்திப் பிடித்திருப்பார். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். இரண்டு, வயர்லெஸ்ஸோடு இறங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் நடப்பார். தொகுப்பாளரிடம் இரண்டையும் முன்னாலேயே சொல்லிவைக்கலாம், சிறப்பு விருந்தினரிடம் சொல்ல முடியாது. அதனால் அவர் மேடையேறும்போது அந்த மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரிலேயே விரல் இருக்கட்டும். வயர்லெஸ்ஸுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி, பக்கத்தில் ஒரு வயர் மைக் தயாராக. காலி ஹால் அதிகமாக எதிரொலிக்கும், ஜனம் நிறைந்ததும் அடங்கும். காலியாக இருக்கும்போது வரும் இரைச்சலைக் கண்டு ஈக்வலைஸரை ஓயாமல் வெட்ட வேண்டாம்.

சட்டமும் காசும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். போலீஸ் அனுமதி வாங்குவது விழா நடத்துகிறவர் பொறுப்பு. ஆனால் புகார் வந்தால் போலீஸ் வண்டியில் ஏறுவது உங்கள் சாமான், எனவே அனுமதிக் கடிதத்தின் நகல் கைக்கு வந்த பிறகு லோடு ஏற்றுங்கள். கூம்பு ஸ்பீக்கர் கேட்கும் கோயில் கமிட்டியிடம் பாக்ஸ் ஸ்பீக்கர் மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை நேரத்தில், அக்கம்பக்கத்துப் பெற்றோர் போலீஸை விடக் கண்டிப்பானவர்கள்.

வாடகையை அடுத்தவர் வாங்குவதைப் பார்த்து வைக்காதீர்கள். உதாரணமாக, சாமான் இரண்டரை லட்சம், மூன்று வருடத்தில் மீட்க வேண்டும், வருடத்துக்கு 30 நிகழ்ச்சி என்றால் 90 நிகழ்ச்சி. ஒவ்வொன்றிலும் சாமானுக்கு மட்டும் 2,780 ரூபாய் ஒதுங்க வேண்டும். அதன்மேல் குட்டியானை வண்டி வாடகை, உதவியாளர் சம்பளம், பேட்டரி, ரிப்பேர். உங்கள் ஒன்பது மணி நேரத்துக்கும் ஒரு தொகை போடுங்கள். இதற்குக் கீழே கேட்டால் அந்த சனிக்கிழமை வீட்டிலேயே இருக்கலாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, செய்துவிடுங்கள்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: எத்தனை மைக், எத்தனை ஸ்பீக்கர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, கரண்டும் போலீஸ் அனுமதியும் யார் பொறுப்பு. பாதி முன்பணம். மீதியை நிகழ்ச்சி தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள். பந்தி முடிந்த பிறகு பணம் கொடுக்க வேண்டியவர் சம்பந்தியை வழியனுப்பப் போயிருப்பார், போன் சார்ஜும் தீர்ந்திருக்கும்.

சுருட்டும்போது

முதலில் மைக்குகளை எண்ணிப் பெட்டியில் பூட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு. கூட்டம் கலையும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் மைக் காணாமல் போகும். கேபிளை முழங்கையில் சுற்றாமல், ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்திருப்பமாகச் சுருட்டுங்கள். முழங்கையில் சுற்றினால் உள்ளே செம்பு முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் கொரகொரக்கும். சந்தேகப்பட்ட கேபிளில் அங்கேயே சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் மறந்துபோகும், அடுத்த சனிக்கிழமை அதே கேபிள் பாடகருக்கே போய்ச்சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சாமானைப் பெட்டிக்குள் வைத்து மூடாமல், மறுநாள் ஃபேனுக்கடியில் பரப்பிவிட்டு வேலைக்குப் போங்கள். மைக் வலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள்.